யாருடைய தியாகம்?

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2–1 என வென்று, மலேசியக் கால்பந்து அணி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. கோல் கம்பத்தில் ஆர். ஆறுமுகம். வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். ஆனால் அணி மாஸ்கோ போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் ஆடியது.

ஸ்ரீ கெம்பாங்கானில் என்னோடு ஃபுட்சால் ஆடும் பையன்களுக்கு இந்தக் கதை 2016ல் வந்த ‘ஓலா போலா’ படம் வழியாகத்தான் தெரியும். “நாடு எவ்வளவு பெரிய தியாகம் பண்ணியிருக்கு” என்பார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இழந்தது நாடா, அந்த ஆட்டக்காரர்களா?

“நம்ம மாதிரி சின்ன நாட்டுக்கு வேற என்ன ஆயுதம் இருக்கு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவை உலகம் விளையாட்டிலிருந்து ஒதுக்கி வைத்தது வீண் போகவில்லை. வர மாட்டோம் என்று சொல்வதும் ஒரு பேச்சுதான். சின்னவனின் பேச்சு சில நேரம் அப்படித்தான் கேட்கும்.

ஆனால் அதே 1980ல் பிரிட்டனைப் பாருங்கள். தாட்சர் அரசு போகாதே என்றது, ஆனால் தடுக்கவில்லை. செபாஸ்டியன் கோ போய் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். வேறு சிலர் போகாமல் இருந்தார்கள். போகாதவர்கள் செய்ததைத் தியாகம் என்று தயங்காமல் சொல்வேன். தன் கையில் இருந்ததைத் தானே விட்டார்கள். அடுத்தவன் கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பதற்கு வேறு பெயர் வேண்டும்.

நான் பொறியாளன். வேலையிடத்தில் ஒரு திட்டத்தை நிறுத்தினால், நஷ்டம் யார் கணக்கில் என்பதுதான் முதல் கேள்வி. நாடுகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஒரு நாட்டால் காத்திருக்க முடியும், ஓர் ஆட்டக்காரனால் முடியாது. சோவியத் படை 1989ல் வெளியேறியது. அதற்கு முந்தின ஆண்டே ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்துவிட்டார். 1972 மியூனிக்குக்குப் பிறகு நம் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியதே இல்லை.

பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2019ல் இஸ்ரேலிய நீச்சல் வீரர்களுக்கு அனுமதி இல்லை என்றதால், கூச்சிங்கில் நடக்கவிருந்த உலகப் பாரா நீச்சல் போட்டி நம் கையை விட்டுப் போய் லண்டனில் நடந்தது. பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுப்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனாலும், சொந்த மண்ணில் நீந்தக் காத்திருந்தவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

நாடு மறுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மறுப்பதற்கு முன், இழக்கப்போகிறவர்களை அதே மேசையில் உட்கார வைக்க வேண்டும். அவர்களும் சேர்ந்து “வேண்டாம்” என்றால் அது தியாகம். இல்லையென்றால், நம் நல்ல பெயருக்கு அவர்கள் கட்டிய விலை.