தேனீ வராத ஊரில் தேனீப் பூ

ஐரோப்பாவின் சுண்ணாம்பு நிலப் புல்வெளிகளில் ஓஃப்ரிஸ் என்னும் காட்டு ஆர்க்கிட் பேரினம் பூக்கிறது. இதன் பல வகைகளில் கீழிதழ் பெண் பூச்சியின் உடலைப் போலிருக்கும். மணமும் அதைப் போலவே. நம்பி வரும் ஆண் பூச்சி அதைப் புணர முயன்று, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகிறது. அறிவியல் இதைப் ‘பாலியல் ஏமாற்று’ என்கிறது. தமிழ் இலக்கணப்படி செடி அஃறிணை; அதற்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனம் பூவை ‘ஏமாற்றுக்காரி’ ஆக்கிவிடுகிறது.

1753இல் லின்னேயஸ் இவற்றில் பலவற்றைப் ‘பூச்சி தாங்கி’ என்ற ஒரே இனத்துக்குள் வைத்தார். 1762இல் வில்லியம் ஹட்சன் அதிலிருந்து ‘தேனீ தாங்கி’யைப் பிரித்தார். பிரிப்பது அதோடு நிற்கவில்லை. ஊருக்கு ஊர் நிறம், வடிவம், மணம் எல்லாம் மாறுகின்றன. அதனால் இப்பேரினத்தில் சுமார் பத்து இனங்களே என்பாரும் உண்டு. 300க்கு மேல் என்பாரும் உண்டு. நுணுகிப் பிரிப்பவர்கள் பெரிதும் நம்பும் அளவுகோல் ஒன்று: இந்தப் பூவைத் தேடி எந்த ஆண் பூச்சி வருகிறது?

இதில் நியாயம் இல்லாமலில்லை. வேறு வேறு பூச்சிகள் வந்தால் மகரந்தம் கலக்காது. கலக்காதவை காலப்போக்கில் தனித்தனி இனங்களாகலாம். ஆனால் பூச்சியை வரவழைக்கும் மணம் செடியே ஆக்கிக்கொண்டது. செடியின் வேலையை விட்டுவிட்டு, வந்தவனைக் கொண்டு செடிக்கு அடையாளம் சொல்வது ஏன்? இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றே அறிமுகமாகிப் பழகிய நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

பிரிட்டனில் இந்த அளவுகோல் தடுமாறுகிறது. அங்கே தேனீ ஆர்க்கிட்டை நாடித் தேனீ வருவது மிக அரிது. மகரந்தத் திரள்கள் தாமே காம்பு வளைந்து கீழே தொங்கி, காற்றில் ஆடி, அதே பூவின் சூல்முடியில் ஒட்டிக்கொள்கின்றன. டார்வின் இதை 1862இல் விரிவாக எழுதினார். அங்கேயே இதழ் நீண்டு கூர்மையான ஒரு மாறுபாட்டைக் ‘குளவி ஆர்க்கிட்’ என்கிறார்கள். குளவிக்கும் அதன் விதைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பெயரை மாற்றச் சொல்லவில்லை; அடையாளம் காணப் பெயர் வேண்டும். ஆனால் ஒரு பெயரைச் சொல்லும்போது, அதில் இருப்பது பெயர் தாங்கியவரின் வாழ்வா, பெயர் வைத்தவரின் பார்வையா என்று கேட்பது நம் கடமை. யாரும் வராத புல்வெளியிலும் அந்தப் பூ ஆண்டுதோறும் விதை வைக்கிறது. அதைச் சொல்லும் பெயர் இன்னும் அதற்கு வாய்க்கவில்லை.