யோனாவின் கொடியும் நம் தோட்டத்துப் பூசணியும்

நினிவே நகருக்கு வெளியே சினத்தோடு அமர்ந்திருந்த யோனாவுக்கு நிழல் தர இறைவன் ஒரு செடியை வளரச் செய்தார். மறுநாள் வைகறையில் அதை அரிக்கப் புழுவை அனுப்பியவரும் அவரே. நம் தமிழ் விவிலியம் அதனை ஆமணக்கு என்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ சுரைக்கொடி என்றது. புனித ஜெரோம் அச்சொல்லை மாற்றியபோது ஓயா நகரத்து மக்கள் கோயிலிலேயே கூச்சலிட்டனர் என்று புனித அகுஸ்தீன் 403ஆம் ஆண்டில் எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். செடியின் பெயருக்காகச் சண்டையிட்டவர்கள் புழுவைப் பற்றி எண்ணினார்களா?

தேரிக்காட்டு ஓரத்தில் பூசணி பயிரிடுபவரோ முதலில் புழுவைப் பற்றித்தான் எண்ணுகிறார். சிவப்பு வண்டு இளந்தளிரைத் துளைக்கிறது. பழ ஈ பிஞ்சுக்குள் முட்டையிடுகிறது. மிகப் பெரிய காய் வேண்டிக் கொடிக்கு ஒன்றை மட்டும் விட்டு, மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளியவருக்கு அந்த ஒன்றும் அழுகினால் பருவமே போயிற்று. அவர் மருந்துக்கடைக்கு ஓடுவதைப் பழிக்க நமக்கு உரிமையில்லை.

ஆயினும் நஞ்சுக்கு ‘மருந்து’ என்று பெயரிட்டு மனத்தைத் தேற்றிக்கொண்டவர்கள் நாமல்லவா? பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அதிகாலையில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடும் அப்பூக்களைத் தேனீ நாடி வந்தால்தான் காய் பிடிக்கும். அந்நேரத்தில் தெளிக்கும் நஞ்சு பகைவனையும் பணியாளனையும் பிரித்தறியாது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள்மீது வானிலிருந்து தூவப்பட்ட எண்டோசல்பான் ஊராரின் உடல்நலத்தைக் குலைத்தது என எழுந்த நெடிய போராட்டத்துக்குப் பின்னரே, 2011இல் உச்ச நீதிமன்றம் அதனை நாடெங்கும் தடை செய்தது.

அப்படியானால் இயற்கை வழி குற்றமற்றதா? புகையிலைக் கரைசலும் செடியிலிருந்து வந்ததே. அதிலுள்ள நிக்கோட்டின் கொடிய நஞ்சு. வேப்பங்கொட்டைக் கரைசலும் புழுவின் பசியைக் கெடுத்து, வளர்ச்சியைத் தடுத்து, மெல்லக் கொல்லவே செய்கிறது. ஆனால் இலையைத் தின்னாத தேனீயை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. சில நாள்களில் வெயிலில் சிதைந்தும் போகிறது. எனவே, நஞ்சு ஆலையில் பிறந்ததா மரத்தில் பிறந்ததா என்பதன்று கேள்வி. அதன் கேடு யார்மீது, எவ்வளவு காலம் விழுகிறது என்பதே கேள்வி.

வீட்டுக் குழம்புக்கு மருந்தடிக்காத ஒரு பாத்தி, சந்தைக்கு மருந்தடித்த தோட்டம் எனப் பிரித்து வைப்பவர்கள் உண்டு. அவர்களது மனச்சான்று அறியாமையில் இல்லை. அறிந்ததை வேலிக்குள் அடைத்து வைத்திருக்கிறது. தூத்துக்குடிச் சந்தையில் அக்காயை வாங்கிச் செல்லும் மீனவத் தாயின் பிள்ளைக்கும் வயிறு ஒன்றுதானே? பிறர் நமக்குச் செய்ய வேண்டுமென விரும்புவதை நாம் பிறருக்குச் செய்ய வேண்டும் என்ற ஆண்டவரின் கட்டளை அந்த வேலியை ஏற்பதில்லை.

உழவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நீதியன்று. வடுப்பட்ட காயை ஒதுக்கிவிட்டுப் பளபளப்பானதையே தேடும் நம் கைகளும் அந்தத் தெளிப்பானைப் பிடித்திருக்கின்றன. நஞ்சில்லாக் காய் வேண்டுமென்றால், அதற்காக நேரும் இழப்பில் ஒரு பங்கை நாமும் ஏற்க வேண்டும்.

தான் பாடுபட்டு வளர்க்காத செடிக்காக வருந்திய யோனாவிடம், 1,20,000க்கும் மேற்பட்ட மக்களும் மிகுதியான கால்நடைகளும் வாழும் நகருக்காகத் தாம் இரங்கலாகாதா என்று இறைவன் கேட்டார். பாடுபட்டு வளர்த்த கொடிக்காக நாம் வருந்துவது முறையே. அவ்விரக்கம் கொடியோடு நின்றுவிடலாமா?