போதும் என்பவள்

"எனக்கெதுக்குத் தாயி முட்டை? பிள்ளைகளுக்கு வையி. ஒரு வாய் கஞ்சி போதும்." திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து வீடுகளில் எழுபதைத் தாண்டிய பெண்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெண்ணின் சொல்லை மதிக்க வேண்டும் என்று வாதிடும் நாம், இந்தப் 'போதும்' என்பதையும் அவளுடைய விருப்பமாக ஏற்க வேண்டுமா?

புறநானூறு 246ஆம் பாட்டில், தீப்பாயத் துணிந்த பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் கைம்பெண்ணின் உணவைச் சொல்கிறாள்: நெய் படாத, கையால் பிழிந்த சோறு, எள்ளரைத்த விழுதும் புளியும் சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை. வகுப்பறையில் அவளுடைய கற்பைப் பேசுகிறோம், தட்டைப் பேசுவதில்லை. கணவன் போனதும் பெண்ணின் உணவு சுருங்க வேண்டும் என்பது அன்று ஊர் வகுத்த நோன்பு. இன்று அதை யாரும் விதிக்க வேண்டியதில்லை, அவளே சுருக்கிக்கொள்கிறாள்.

வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல், கல்கத்தா அருகே சிங்கூரில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றை அமர்த்தியா சென் சுட்டிக்காட்டியிருக்கிறார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் நோய் என்றோ உடம்பு சுகமில்லை என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம் மட்டுமே. தன் குறையைக் குறையாகவே எண்ணாமல் இருக்கப் பெண் பழகியிருந்தாள்.

உடல் அப்படிப் பழகுவதில்லை. வயது ஏற ஏறத் தசை குறைகிறது. சிறுநீரக நோய் இல்லாத மூத்தவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்று 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம். கஞ்சியும் ரசச்சோறும் பல்லில்லாத வாய்க்கு இதம், ஆனால் அவற்றில் புரதம் குறைவு. கால் தளர்ந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் 'வயசாயிருச்சு' என்கிறோம். அந்தப் பழியில் தட்டுக்கும் பங்குண்டு.

அதற்காக வற்புறுத்தி ஊட்டினால், அதுவும் அவளை அடக்குவதுதான். விரதம் இருப்பவள் தனக்கென இருக்கும் சோற்றை மறுக்கிறாள். மீந்ததையே உண்டு வந்தவளுக்கு மறுப்பதற்கென்று எதுவும் இருந்ததில்லை. ஆகவே முட்டை வாங்கும்போதே அவளையும் எண்ணி வாங்குவோம். பாசிப்பயறையும் மொச்சையையும் குழைய வேகவைத்து, எல்லோரும் உட்காரும்போதே அவளுக்கும் பரிமாறுவோம். அதன்பிறகும் அவள் வேண்டாமென்றால் அது அவள் முடிவு.

பரிமாறுபவள் பெரும்பாலும் மருமகள். எல்லோரும் எழுந்தபின் அடுக்களையில் தனியாகச் சாப்பிடும் அவளும் இப்போதே 'எனக்கெதுக்கு' என்று சொல்லத் தொடங்கியிருப்பாள். அவளுக்கும் ஒரு முட்டையைச் சேர்த்து எண்ணுங்கள்.