இறங்கி நடக்கும் அறம்

மனிதன் தனித்திருக்கும்போது அறம் அவனிடம் அதிகம் கேட்பதில்லை. இன்னொருவர் எதிரே வரும்போதே அது கேட்கத் தொடங்குகின்றது. அவ்வாறு மனிதர் நாள்தோறும் எதிரெதிரே சந்திக்கும் பொது இடம் வீதியாகும். முன்பின் அறியாதவர், முதியவர், குழந்தை, நோயாளி, அவசரக்காரர் எனப் பலரும் அங்கே ஒரே வழியைப் பகிர்ந்து செல்கின்றனர். ஒருவருடைய ஒழுக்கத்தை அறிய அவர் வீட்டுக்குச் செல்லவேண்டியதில்லை. வீதியில் அவர் செல்லும் முறையே அதனைக் காட்டிவிடும். துவிச்சக்கரவண்டி என்னும் எளிய வாகனத்தைக் கொண்டே இதனை ஆராயலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் துவிச்சக்கரவண்டிக்குப் பெரிதும் கடமைப்பட்டவர்கள். 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர் போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் எரிபொருள் கிடைப்பது அரிதானபோது, மரக்கறி மூட்டையும் விறகும் மட்டுமன்றி நோயாளியும் சைக்கிள் கரியரிலேயே சென்றனர். 1995 ஆம் ஆண்டு இடம்பெயர்வின்போது பல குடும்பங்களின் உடைமை முழுவதும் ஒரு சைக்கிளில் அடங்கியது. 2022 ஆம் ஆண்டு நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோதும் மூலையிற் கிடந்த சைக்கிள்களே மீண்டும் கைகொடுத்தன. அது புகை கக்குவதில்லை; பெருஞ் செலவு வைப்பதில்லை; உடலுக்கும் நலம் தருகின்றது. ஆகவே, சைக்கிளில் செல்பவரால் எவருக்கும் தீங்கு வராது என்ற எண்ணம் மக்களிடையே இயல்பாக வேரூன்றிவிட்டது. ஆனால் தீங்கற்ற தன்மை வாகனத்தில் இல்லை. அதனை ஓட்டுபவரின் மனத்திலேயே இருக்கின்றது.

மாலை வேளையில் தனியார் கல்வி நிலையம் விடும் நேரத்தில் மாணவர் மூவர் நால்வராகச் சமாந்தரமாகக் கதைத்தபடி செல்வதைக் காணலாம். பின்னால் வருபவரும் முன்னால் நடப்பவரும் அவர்களுக்கு ஒரு பொருட்டாவதில்லை. ஒரு கையில் கைத்தொலைபேசியைப் பிடித்தவாறு மறு கையால் ஓட்டுவோர் உளர். ஒழுங்கையின் முடக்கில் வேகம் குறைக்காது திரும்புவோரும், இரவில் விளக்கின்றி வருவோரும் உளர். இவற்றுள் அதிகம் கவனிக்கப்படாத குறை நடைபாதையில் வண்டி ஓட்டுவதாகும். பட்டினத்துக் கடைத்தெருவிலும், வடிகாலுக்கு மேல் கொங்கிறீற் பலகை இட்டு மூடிய ஓரங்களிலும் நடப்பவருக்குக் கிடைத்திருப்பது ஓரிரு முழ இடமேயாகும். அதிலும் சைக்கிள் ஏறிவிட்டால் அவர் எங்கே போவார்?

இது புதிய பிரச்சினையன்று. 1817 ஆம் ஆண்டில் ஜேர்மனியரான கார்ல் வொன் டிறைஸ், காலால் நிலத்தை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியை முதன்முதலாக ஓட்டிக் காட்டினார். அக்காலத்து வீதிகள் வண்டித் தடங்களால் கிண்டப்பட்டுக் கரடுமுரடாக இருந்தமையால், அதனை ஓட்டியோர் நடைபாதைகளை நாடினர். நடப்பவர்கள் முறையிட்டனர், நகரங்கள் சிலவற்றில் தடைகளும் வந்தன. இங்கிலாந்தில் வீதியோர நடைபாதையில் வண்டி செலுத்துவதை 1835 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. 1888 ஆம் ஆண்டில் சைக்கிளும் ஒரு வண்டியே எனச் சட்டம் வரையறுத்தது. ஆக, இருசக்கர வண்டி பிறந்த நாள் முதலே அதனை ஓட்டுபவருக்கும் நடப்பவருக்கும் இடையிலான இந்த வழக்கும் தொடர்கின்றது எனலாம்.

சிறிய வண்டிதானே, என்ன செய்துவிடும் என்று சிலர் கேட்பர். சாதாரணமாக நடப்பவர் மணிக்கு 5 கிலோமீற்றர் அளவில் செல்கின்றார். சைக்கிளில் செல்பவர் அவசரமின்றிச் சென்றாலும் 15 கிலோமீற்றர் வேகத்தை எளிதில் அடைகின்றார். வேகம் மூன்று மடங்காகும்போது மோதலின் சக்தி மூன்று மடங்கன்று, ஒன்பது மடங்காகின்றது என்பது பௌதிகவியல் கூறும் உண்மை. வண்டியின் பாரமும் அதனுடன் சேர்கின்றது. அந்த வேகத்தில் ஒரு செக்கனில் வண்டி நான்கு மீற்றருக்கு மேல் முன்னேறிவிடும். ஓர் இளைஞர் துள்ளி விலகிக்கொள்ளலாம். காது மந்தமானவர், கண்புரை உள்ளவர், போரில் காலை இழந்து செயற்கைக் காலுடன் நடப்பவர், வயிற்றில் குழந்தையைச் சுமப்பவர் ஆகியோரால் அது இயலுமா? முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களுட் பலர் பழையபடி எழுந்து நடமாடுவதில்லை.

இங்கே இரண்டு நியாயங்கள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, “ஒருவருக்கும் அடிபடவில்லையே” என்பதாகும். வெள்ளிக்கிழமை தோறும் அர்ச்சனைத் தட்டுடன் கோயிலுக்கு நடந்து செல்லும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்க்கலாம். ஒருநாள் பின்னால் வந்த சைக்கிள் அவரது சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு போய்விடுகின்றது. அவர் விழவில்லை, காயமுமில்லை. ஆனால் நெஞ்சு படபடத்து மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மகன் வந்து கூட்டிச் செல்லட்டும் என்று வீட்டில் இருந்துவிடுகின்றார். மகனுக்கோ வேலை. நாளடைவில் அவர் கோயில் போவது நின்றுவிடுகின்றது. உரசிச் சென்றவருக்கு இது எதுவும் தெரியாது. தாம் ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை என்றே அவர் இறுதிவரை நம்புவார். ஆயினும் ஒரு முதியவரின் வழிபாட்டையும் வெளி உலகத்தையும் அவர் பறித்துவிட்டார். அச்சத்தை விளைவிப்பதும் தீங்கேயாகும். செய்தவர் அறியாது போவதால் தீங்கு இல்லாமற் போவதில்லை.

இரண்டாவது நியாயம் சற்று வலிமையானது. “வீதியில் லொறியும் பஸ்ஸும் எங்களை நெருக்குகின்றன, உயிருக்குப் பயந்தே நடைபாதையில் ஏறுகின்றோம்” என்பர். இது பொய்யன்று. போர் முடிந்த பின்னர் வீதிகள் அகன்று மெருகேறியபோது வாகனங்களின் வேகமும் கூடிவிட்டது. சைக்கிளில் செல்லும் பிள்ளையின் அச்சம் உண்மையானது. பெரிய வாகனம் செலுத்துவோர் இதற்குப் பதில் கூறவேண்டியவர்களே. ஆனால் லொறி தம்மை நெருக்கியதால் தாம் நடப்பவரை நெருக்கலாம் என்பது நியாயமாகுமா? தன்னிலும் மெலியவர் மேற் செல்ல முற்படுபவன், தன்னிலும் வலியவர் முன் தான் நிற்கும் நிலையை நினைக்கவேண்டும் என்ற கருத்தைத் திருவள்ளுவர் அருளுடைமை அதிகாரத்தின் நிறைவாக வைத்துள்ளார். லொறியின் ஹோர்ன் ஒலி கேட்டு நடுங்கியவருக்கே நடப்பவரின் நடுக்கம் நன்கு விளங்கவேண்டும். பட்ட துன்பம் அருளாக மாறவேண்டுமேயன்றி, அடுத்தவருக்குக் கைமாற்றும் கடனாக மாறலாகாது.

அப்படியாயின் அஞ்சியவர் என்ன செய்வது? நடைபாதை நடப்பவரின் வீடு. ஆபத்து வேளையில் பிறர் வீட்டில் ஒதுங்குவது குற்றமன்று. ஒதுங்குபவர் விருந்தினராக நுழையவேண்டும்; அதிகாரியாக நுழையக்கூடாது. சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிச் சென்றால் அவரும் நடப்பவர்களுள் ஒருவராகின்றார், எவருக்கும் அச்சமில்லை. இழப்பது சில நிமிடங்களே.

மணியடிப்பதிலும் இவ்வேறுபாடு உண்டு. “வருகிறேன், கவனியுங்கள்” என்று தூரத்திலேயே மெல்ல அடிக்கும் மணி ஒரு மரியாதை. முதுகுக்குப் பின்னால் வந்து விடாமல் அடிக்கும் மணி ஒரு கட்டளை. வரவை அறிவிப்பதே மணியின் வேலை, வழியைப் பறிப்பதன்று.

இம்மண்ணின் மக்களுக்குச் சைக்கிளிலிருந்து இறங்குவது புதிய பழக்கமன்று. போர்க்காலத்தில் காவலரண்களின் முன் இறங்கி உருட்டிச் சென்றனர். அது அச்சத்தால் இறங்கியது. கோயில் வாசலைக் கடக்கும்போது பெரியோர் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுச் செல்வர். அது பக்தியால் இறங்குவது. தடுமாறி நடக்கும் ஒரு முதியவரைக் கண்டு, எவரும் சொல்லாமலே இறங்குவது மூன்றாவது வகை. அது அருளால் இறங்குவது. முதலாவதைக் கட்டாயம் செய்விக்கின்றது. இரண்டாவதைப் பழக்கமும் செய்வித்துவிடும். மூன்றாவதை மனம் கனிந்தாலன்றிச் செய்யமுடியாது. நடமாடும் அடியாருக்குக் கொடுப்பது கோயிலில் உறையும் இறைவனையும் சென்றடையும் என்பது திருமூலர் கண்ட உண்மை. ஆகவே கோயில் வாசலில் இறங்கிக் கும்பிட்டவர், அடுத்த முடக்கிலேயே அக்கோயிலுக்கு வரும் அடியவரை மணியடித்து ஒதுக்குவாராயின், அவர் கும்பிட்டது பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றது.

திருவிழாக் காலங்களில் இது மேலும் சிந்திக்கத்தக்கது. அங்கப்பிரதட்டை செய்வோரும், அடியழித்து வரும் பெண்களும், கச்சான் கடையைக் கண்டு கையை உதறிக்கொண்டு ஓடும் சிறுவரும் நிறைந்த வீதியில், சனத்தினூடே வளைத்து வளைத்துச் சைக்கிள் ஓட்டுவது திறமையாகாது. தொலைவில் நிறுத்திவிட்டு நடந்து வருவதும் ஒரு தொண்டேயாகும். பெற்றோர் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் நாளில் ஓடப் பழக்குவதுடன் எங்கே இறங்கவேண்டும் என்பதையும் பழக்குதல் நன்று.

வலியவர் மெலியவருக்கு வழிவிடும் ஊரில் முதியவர் அஞ்சாது கோயிலுக்கு வருவர். குழந்தைகள் பயமின்றிப் பள்ளி செல்வர். எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் அத்தகைய வீதிகள் எங்கும் அமைவதாக.