இருள்: இன்மையா, மறைப்பா?

தொலைக்காட்சித் திரை கறுத்துக் கிடப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பின்னாலிருந்து வர வேண்டிய வெளிச்சம் வராமல் நின்றிருக்கலாம். அல்லது வெளிச்சம் வந்தும் நடுவில் ஒன்று அதைத் தடுக்கலாம். எட்ட இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கறுப்புதான். இருள் என்பது ஒளி இல்லாமையா, ஒளியை மறைக்கும் ஒரு பொருளா என்று இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்டதும் இதைப் பற்றியே.

2006இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் குழாய்த் திரை கொண்டவை. அவற்றில் படம் வேறு, வெளிச்சம் வேறு அல்ல. எலெக்ட்ரான் கற்றை பட்ட இடத்தில் திரையின் உட்பூச்சு தானே ஒளிரும். இன்று வீடுகளில் இருக்கும் எல்.இ.டி. டிவிகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. பெயரில்தான் எல்.இ.டி.; படத்தைத் தருவது திரவப் படிகப் பேனல். அதற்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னாலுள்ள பேக்லைட்டின் ஒளியைப் புள்ளி புள்ளியாக விடுவதும் தடுப்பதுமே அதன் வேலை.

சத்தம் கேட்கிறது, படம் இல்லை என்று கோவையில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு டிவி வந்தால், மெக்கானிக் முதலில் திருப்புளியைத் தேடுவதில்லை. செல்போன் டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிக்கிறார். அந்த வட்டத்துக்குள் மங்கலாக உருவங்கள் அசைந்தால், "படம் ஓடிட்டுத்தானுங்க இருக்குது, லைட்டுதான் போயிருச்சு" என்கிறார். டார்ச் வெளிச்சத்திலும் ஒன்றும் தெரியாமல், பின்மூடியின் துளைகள் வழியே மட்டும் வெளிச்சம் கசிந்தால், கோளாறு பேனலிலோ அதை இயக்கும் போர்டிலோ இருக்க வேண்டும். முன்னது இன்மை, பின்னது மறைப்பு. இன்மைக்கு மருந்து, பேக்லைட்டாக எரியும் எல்.இ.டி. பட்டையைப் புதிதாக மாற்றுவது. மறைப்புக்கு எத்தனை பட்டை மாற்றினாலும் பயனில்லை.

பட்டையில் உள்ள எல்.இ.டி.கள், நோம்பிக்குக் கட்டும் சீரியல் செட் போலத் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் அந்த வரிசையே அணையும். அதை அடைய, விளிம்பில் மெல்லிய ரிப்பன்கள் ஒட்டிய கண்ணாடிப் பேனலை வளையாமல் தூக்க வேண்டும். ஒளியைப் பரப்பும் தாள்களை வரிசை மாறாமல் எடுத்து வைக்க வேண்டும். பிறகு எல்.இ.டி. டெஸ்டரின் முனைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் எரியாதது அகப்படும். மற்றவையும் அதே வெப்பத்தில் உழைத்துத் தேய்ந்தவை என்பதால், பட்டைகளை மொத்தமாக மாற்றி மின்னோட்டத்தைச் சற்றுக் குறைத்துவிடுவது நல்ல வேலைக்கு அடையாளம்.

இனி தத்துவ வாதம். தருக்க நூலார் முதல் வகை இருட்டையே, அதாவது இன்மையையே, இருள் என்றார்கள். நியாய வைசேடிக மரபில் பொருள்கள் ஒன்பது. இருளைப் பத்தாவதாகச் சேர்க்க அவர்கள் இசையவில்லை. மீமாம்சகருள் குமாரில பட்டரின் வழி வந்தவர்கள் எதிர்த்தார்கள். இருள் கறுப்பாகத் தெரிகிறது, நகர்கிறது. நிறமும் அசைவும் இருந்தால் அது பொருள்தானே என்றார்கள். நிறமுள்ள எதையும் காண ஒளி வேண்டும், இருளோ ஒளி இல்லாதபோதுதான் தெரிகிறது. ஆகவே அது ஒளியின் இன்மை, நகர்வது போலத் தோன்றுவது மயக்கம் என்பது தருக்கரின் மறுமொழி.

சைவ சித்தாந்தம் கேட்டது வேறு இருளைப் பற்றி. உயிரின் அறியாமைக்குக் காரணமான ஆணவ மலத்தை அது வெறும் இன்மையாகக் கொள்ளாமல், செம்பில் களிம்புபோல உயிரோடு ஒட்டிக் கிடக்கும் உள்பொருளாகக் கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அமைத்த சிவஞானபோதத்தின்படி, உயிர் தானே அறியாது. கண்ணுக்கு உயிர் காட்டுவதுபோல உயிருக்கு இறைவன் காட்ட வேண்டும். காட்டும் அந்த ஒளி எங்கும் எப்போதும் உள்ளது. அப்படியானால் உயிர் இருண்டிருப்பதற்கு ஒளியின் இன்மையைக் காரணமாகச் சொல்ல வழியில்லை. மறைப்பு ஒன்று இருந்தாக வேண்டும்.

தருக்கம், சித்தாந்தம் என்ற இந்த இரு கட்சிகளும் ஒரே ஆசிரியரிடம் பயிலப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கிய சிவஞான முனிவரே சிவஞானபோதத்துக்கு மாபாடியமும் எழுதினார். நொய்யல் கரையிலுள்ள பேரூருக்குப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர் அவருடைய மாணவர். ஒன்றைக் கற்றதால் மற்றொன்றைக் கைவிட வேண்டியிருக்கவில்லை. புற இருளைப் பற்றிய விடையும் அக இருளைப் பற்றிய விடையும் மோதிக்கொள்ளும் இடம் குறைவு.

மறைப்பு எவ்வாறு நீங்கும் என்பதிலும் திரவப் படிகம் உவமையாக நிற்கும். இரவுக் காட்சியின்போது இருட்டறையில் உட்கார்ந்து பார்த்தால், திரையின் கறுப்பு முழுக் கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்திருக்கும். தடுத்தும் தடுக்க முடியாமல் கசியும் பேக்லைட் அது. காட்சி வெளுக்கும்போது படிகம் அங்கிருந்து அகற்றப்படுவதில்லை. அதன் நிலை திரும்புகிறது, ஒளி கடக்கிறது. சித்தாந்தத்திலும் ஆணவம் அழிவதில்லை. மலபரிபாகத்தால், அதாவது மலம் பக்குவப்படுவதால், அதன் மறைக்கும் ஆற்றல் மட்டும் மெலிகிறது.

உவமை ஒருபுடை ஒப்புமையே. பேக்லைட் அறிவற்றது, தேய்வது. சித்தாந்தம் சொல்லும் ஒளி அறிவே வடிவானது, அணையாதது. இன்னொரு வேறுபாட்டை 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் சுட்டினார். புற இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவமோ தன்னையும் மறைத்துக்கொள்ளும்.

அணைந்த டிவி தன் இருட்டைத் தானே காட்டிக்கொள்கிறது. அதனால்தான் கடைக்கு வருகிறது. ஆணவத்துக்கு இன்னும் நெருங்கிய ஒப்பு, அணையாமலே ஆண்டுக்கணக்கில் மங்கி வரும் டிவி. எல்.இ.டி.யின் ஆயுளையே, வெளிச்சம் 70 விழுக்காடாகக் குறையும் வரையிலான காலமாகக் கணக்கிடும் வழக்கம் உண்டு. அந்தக் குறைவு நாளுக்கு நாள் கண்ணுக்குப் பழகிவிடுவதால் வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை. வேறொரு பழுதுக்காகத் திறந்து புதுப் பட்டை போட்ட பிறகே, இத்தனை நாள் பார்த்தது அரை வெளிச்சம் என்று தெரிய வருகிறது. மலத்தின் இருப்பும் அவ்வாறே, அருள் பதிந்த பின்னரே உயிருக்குப் புலப்படும்.