பள்ளிவாசல் பார்க்கப் போகலாமா?



நம்மவர் சிலர் காயல்பட்டினம் போய், அங்குள்ள பழைய பள்ளிவாசலைப் பார்த்து வந்தார்கள். கருங்கல் தூண்கள் நம் நாட்டுக் கல்தச்சர் முறையில் இருக்கின்றன. சுரூபம் மட்டும் இல்லை என்றார்கள். உடனே வீடுகளில் ஒரு கேள்வி எழுந்தது: "கத்தோலிக்கர் அங்கே காலெடுத்து வைக்கலாமா?"

நல்ல கேள்வி. தட்டிக்கழிக்கலாகாது.

காயல்பட்டினமும் வீரபாண்டியன்பட்டினமும் ஒரே கரையில் அடுத்தடுத்த ஊர்கள். புன்னைக்காயலும் தூரமல்ல. ஆயினும் நமக்குள் பழைய கணக்கொன்று உண்டு. முத்துக்குளிப்பின் பொருட்டு முஸ்லிம்களோடு மூண்ட சச்சரவில்தான் பரவர்கள் போர்த்துக்கீசரின் துணையை நாடி, 1536-37ல் ஞானஸ்நானம் பெற்றனர். 1538ல் வேதாளையில் மரைக்காயர் கடற்படை முறிந்தது. அந்த வெற்றியைச் சொல்லுகிறோம். அன்று மகனை இழந்த முஸ்லிம் தாயின் கண்ணீரைச் சொல்லுகிறோமா?

ஆகையால், பள்ளிவாசல் படியில் நம்மைத் தயங்கச் செய்வது விசுவாசமா, பழம்பகையா என்று மனச்சாட்சியைக் கேட்போம்.

சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த 1219ல், அர்ச். பிரான்சிஸ் அசிசியார் ஆயுதமின்றி எகிப்து சுல்தான் அல்காமிலிடம் போனார். சேசுநாதரைப் பற்றி மறைக்காமல் பேசினார். சுல்தானும் மரியாதையாய் அனுப்பிவைத்தார். 1965 அக்டோபர் 28ல் வத்திக்கான் சங்கம், முஸ்லிம்களைத் திருச்சபை மதிக்கிறதென்றும், கடந்த பகையை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயல வேண்டுமென்றும் அறிவித்தது. 2001 மே 6ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் தமாஸ்கு நகரின் பெரிய மசூதிக்குள் சென்றார். அவருடைய விசுவாசம் குறைந்துபோயிற்றா?

ஆகவே போகலாம். ஆனால் எப்படி? அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றி, தொழுகைக்கு இடையூறின்றிப் போக வேண்டும். வேடிக்கை பார்ப்பது மரியாதையல்ல. அவர்களைப்போல் தொழுது காட்டுவதோ வெறும் வேஷம். "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி வருவதும் உண்மையல்ல. அவர்கள் சேசுநாதரை நபியென்கிறார்கள். நாம் தேவசுதன் என்று விசுவசிக்கிறோம். இந்த வித்தியாசத்தை மறைத்துக் காட்டும் சிநேகம் நிலைக்காது. வித்தியாசத்தை அறிந்தும் அயலானை நேசிப்பதே சேசுநாதர் நமக்கிட்ட கட்டளை.

ஒன்று செய்வோம். நம் கோயிலுக்கு ஒரு முஸ்லிம் குடும்பம் வந்தால், அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டுமென்று விரும்புவோம்? அப்படியே நாமும் அங்கே நடப்போம். அடுத்த திருநாளுக்கு அவர்களையும் வீட்டுக்கு அழைப்போம். போய்ப் பார்த்தவர்கள், வந்தவர்களுக்கு வாசலைத் திறக்காவிட்டால், அந்தப் பயணம் பாதி வழியிலேயே நின்றுபோகும்.