‘நாய்தானே’ என்னும் சொல்

பல ஆண்டுகள் வீட்டில் ஓர் உயிராய் வளர்ந்த நாய் ஒருநாள் இறந்துபோகிறது. அதைச் சாக்கில் சுற்றிக் கண்மாய்க் கரையில் புதைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அன்று இரவு யாருக்கும் சோறு இறங்குவதில்லை. வாசலில் கிடக்கும் வெற்றுச் சங்கிலியைப் பார்த்துப் பிள்ளைகள் விம்முகிறார்கள். மனிதர் இறந்தால் துக்கம் கேட்க ஊரே வரும். நாய்க்கு யார் வருவார்? தற்செயலாக வந்த ஒருவரும், "நாய்தானே, இதற்குப் போய் இப்படியா?" என்று, ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொல்லிச் செல்கிறார். நாமும் வெட்கப்பட்டுக் கண்களைத் துடைத்துக்கொள்கிறோம். அந்த வெட்கம் நியாயமானதுதானா? இறந்துபோன ஒரு நாயை நினைத்து வருந்துவது பலவீனமா, பண்பா? இதை இங்கே சற்று எண்ணிப் பார்ப்போம்.

நாம் வாழும் விருதுநகர்ச் சீமையில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடக் கனமானது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவற்றுக்கு இடையிலும் பின்னரும் நேர்ந்த சிறிய விபத்துகளுக்குக் கணக்கில்லை. காலையில் மருந்து அறைக்குப் போன தாய் மாலையில் வீடு திரும்பினால் அதையே ஒரு வரமாக எண்ணி வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. "மனிதரே இப்படிக் கருகிப்போகும் மண்ணில் நாய்க்காகக் கண்ணீரா?" என்று ஒருவர் கேட்டால், அதைக் கல்நெஞ்சக்காரரின் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. அது நேர்மையான கேள்வி. நேர்மையான பதிலை வேண்டி நிற்கும் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாய்க்காக வருந்துவது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான நாகரிகம் அன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டில், கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது அது. கல்லில் வீரனின் அருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு சொல்லுகிறது. அக்காலத்துப் படைகளில் மாண்ட எத்தனையோ ஆயிரம் மனிதரின் பெயர்கள் காற்றோடு போயின. ஒரு நாயின் பெயர் 1400 ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது!

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல்வெட்டு இன்னொரு செய்தி தருகிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த காலம். வென்ற பக்கத்தில் நின்று போரிட்டவன் மணலேரன் என்னும் வீரன். என்ன பரிசு வேண்டும் என்று கங்க மன்னன் பூதுகன் கேட்டபோது, அவன் பொன்னையோ ஊரையோ கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டான். பின்னர் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருது காளி மாண்டது, பன்றியும் மாண்டது. அந்த நாய்க்காகக் கோயில் முன் கல் நாட்டி நிலமும் விட்டார்கள். போர்க்களத்தில் மனித உயிர்கள் மடிவதைக் கண்ணாரக் கண்டவன் அந்த வீரன். அவனே ஒரு நாயின் சாவை நினைவில் நிறுத்த விரும்பினான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெரிய சாவுகளைக் கண்டவர்க்குச் சிறிய சாவுகள் பொருட்டல்ல என்பது எப்போதும் உண்மையன்று.

ஆயினும் நம் மொழி நாயை இருவிதமாக நடத்தியிருக்கிறது. ஒருவரை இழிவுபடுத்த வேண்டுமானால் ‘நாயே’ என்கிறோம். அதே தமிழில் நாலடியார், யானை போன்றவரின் நட்பை விலக்கி நாய் போன்றவரின் நட்பைத் தேடிக் கொள்ளச் சொல்கிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும்; எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும் என்பது அது காட்டும் காரணம். மதுரை வட்டாரத்தில் கோயில் காளை இறந்தால் ஊரே கூடி மாலையிட்டு, மேளம் முழங்க அடக்கம் செய்வதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே யாரும் ‘மாடுதானே’ என்பதில்லை. ‘நாய்தானே’ என்கிற வாய்க்குத்தான் இத்தனை துணிவு!

நம் மாவட்டத்து இராசபாளையம் நாய்க்குப் பெருமை இல்லாமற் போகவில்லை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்று அது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாய் விலை பேசப்படும் இனம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அழுதது அப்படிப்பட்ட நாய்க்காக அன்று. மழைநாளில் திண்ணையோரம் நடுங்கிக் கிடந்த குட்டி. வாறுகாலில் விழுந்து கத்தியதைப் பிள்ளைகள் தூக்கி வந்த குட்டி. யாரோ சந்தைப்பேட்டையில் விட்டுப்போன குட்டி. குலமும் இல்லை, விலையும் இல்லை. நாம் எடுத்தோம்; ‘மணி’ என்றோ ‘ராஜா’ என்றோ பெயரிட்டோம்; அது நம்முடையதாயிற்று.

இந்த ‘எடுத்து வளர்த்தல்’ என்னும் செயலில் ஓர் ஆழமான பொருள் இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு நம்மேல் பிறப்பால் உரிமை உண்டு. எடுத்து வளர்த்த உயிருக்கு அத்தகைய உரிமை ஏதும் இல்லை. நாமாக மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. இறைவனோடு நமக்குள்ள உறவை விளக்கப் புகுந்த பவுலடியாரும் சுவிகாரப் பிள்ளைகள் என்னும் உவமையையே எடுத்துக்கொண்டார். உரிமையில்லாத ஒன்றுக்கு உரிமை கொடுப்பது அன்பின் மிகத் தூய வடிவம் என்று அவர் அறிந்திருந்தார். நாயையும் மனிதரையும் ஒரே தட்டில் வைக்க இதைச் சொல்லவில்லை. ஒரு தெருக்குட்டியை வீட்டுக்குள் அழைத்த கணத்தில், சிறு அளவிலேனும், நாம் அத்தகைய ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறோம் என்பதற்காகவே சொல்கிறோம். அந்த உடன்படிக்கையில் நாய் தன் பங்கை இறுதி மூச்சுவரை நிறைவேற்றிவிட்டது. அதன் பின்னும் நிலுவையில் நிற்பது நம் பங்கு. அந்த நிலுவையை உணர்வதன் பெயர்தான் துக்கம்.

நம் ஊரில் இந்த நிலுவைக்கு ஒரு தனிக் கணக்கும் உண்டு. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இங்கே பிறக்கிறது. நம் அடுப்பு எரிவது அதனால்தான். மனிதக் காது நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். நாயின் காது 40,000-க்கு மேலும் கேட்கும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடி கூடாது என்று 1999-இலேயே விதி வந்தது. மனிதரை மனத்தில் கொண்டு வகுத்த அளவு அது. தீபாவளி இரவில் கட்டிலுக்கடியில் ஒடுங்கி நடுங்கும் நாய்க்கு அந்த அளவும் பேரிடிதான். மிரண்டு ஓடி வழி தவறியவையும் வண்டியில் அடிபட்டவையும் எத்தனை! நமக்குச் சோறு போடும் தொழிலே நம் வாசலைக் காக்கும் உயிருக்கு அச்சமாக இருக்கிறது. இதற்காகத் தொழிலைப் பழிக்க முடியாது. ஆயிரமாயிரம் குடும்பங்களின் பிழைப்பு அது. ஆனால் அந்த இரவில் நாயை உள்ளே கட்டி, சன்னலை அடைத்து, அருகில் ஒருவர் உட்கார்ந்திருப்பதற்கு எந்தத் தொழிலும் குறுக்கே நிற்பதில்லை. வருந்தத் தெரிந்தவர்க்கே இந்தச் சிறு கடமையும் கண்ணில் படும்.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அன்பு எல்லை மீறுவதும் உண்டு. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், மானாமதுரை அருகே, பணி ஓய்வு பெற்ற ஒரு முதியவர் தம் நாய் டாமுக்காகத் தம் தோட்டத்தில் சிலை வைத்துச் சிறு கோயிலே கட்டினார் என்று 2022-இல் செய்தித்தாள்கள் எழுதின. 2021-இல் இறந்த அந்த நாய் பதினோர் ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தது. உறவினரிடமிருந்து அவரிடம் வந்து சேர்ந்து, அவரால் பிள்ளைபோல் வளர்க்கப்பட்டது. அவருடைய அன்பை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். அவரவர் மரபில் அவரவர் துக்கம் தன் வடிவத்தைத் தேடிக்கொள்கிறது. ஆனால் நன்றி எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது என்னும் கேள்வியை இந்தச் செய்தி நம்முன் வைக்கிறது.

இந்தக் கேள்வி திருச்சபைக்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு அருகே, கினபோர் என்னும் வேட்டை நாயைக் கிராமத்தார் புனிதராகவே வணங்கினார்கள். பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்தும், தவறாக ஐயுற்ற தலைவனால் கொல்லப்பட்டது என்பது அதன் கதை. நம் ஊரில் கீரிப்பிள்ளையைப் பற்றிச் சொல்லும் கதையேதான்! சாமிநாதர் சபைத் துறவியான போர்போன் எஸ்தேவான் அங்கே சென்று அந்த வழிபாட்டைத் தடுத்து, நாயின் எலும்புகளைத் தோண்டி எரிக்கச் செய்தார். நாயை வணங்கலாகாது என்ற அளவில் அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஏழை மக்கள் நோயுற்ற தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடியவர்கள். குற்றமின்றிக் கொல்லப்பட்ட ஓர் உயிருக்கு நேர்ந்த அநீதியை அவர்கள் மறக்க மறுத்தார்கள். அந்த மறவாமையை எரிக்க எந்த நெருப்பாலும் முடியவில்லை.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் நடுவழியைக் காட்டுகிறது. விலங்குகளும் இறைவனின் படைப்புகளே, அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம், அவற்றை நேசிக்கலாம். ஆனால் மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் திருப்பிவிடலாகாது. மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை அவற்றுக்காகச் செலவிடலாகாது. நாம் மேலே கண்ட நேர்மையான கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பதிலை நம் அனுபவம் தருகிறது. அன்பு என்பது ஒரு குடத்து நீர் அன்று, நாய்க்கு ஒரு குவளை ஊற்றினால் மனிதருக்கு ஒரு குவளை குறைந்துபோவதற்கு. அது ஊற்று, இறைக்க இறைக்கச் சுரப்பது. நாயின் சாவுக்கு அழுத பிள்ளை, அடுத்த தெருவில் விபத்தில் தந்தையை இழந்த பிள்ளையின் அழுகையை எளிதாகப் புரிந்துகொள்ளும். ‘நாய்தானே’ என்று சொல்லிப் பழகிய நாக்கு, நாளடைவில் ‘கூலிக்காரன்தானே’ என்று சொல்லவும் கூசாது. இந்தச் சொல் நாயோடு நிற்பதில்லை என்பதே நம் அச்சம்.

"சாமி, எங்க மணி மோட்சத்துக்குப் போகுமா?" மறைக்கல்வி வகுப்பில் குழந்தைகள் கேட்கும் இக்கேள்விக்குச் சிரித்து மழுப்புவதும் தவறு; தெரியாததைத் தெரிந்தது போல் வாக்களிப்பதும் தவறு. விலங்கின் உயிர் உடலோடு முடிந்துபோகிறது என்றே புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். படைப்பு முழுவதுமே அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெறக் காத்திருக்கிறது என்று உரோமையருக்கு எழுதிய மடலில் பவுலடியார் கூறுகிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ மடலிலும், நிலைவாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளியுருப் பெற்றுத் தன் இடத்தைக் கொண்டிருக்கும் என்னும் நம்பிக்கை ஒலிக்கிறது. ஆகவே குழந்தையிடம் இப்படிச் சொல்லலாம்: "சிட்டுக்குருவியையும் மறவாத கடவுள் மணியையும் மறக்க மாட்டார். எப்படி என்பதை அவர் கையில் விட்டுவிடுவோம்." தோபித்து நூலில் இளைஞன் தோபியா வானதூதரோடு புறப்படும்போது ஒரு நாயும் கூடவே நடக்கிறது. கதைக்கு அது ஒன்றும் செய்வதில்லை, பேசுவதுமில்லை. ஆனாலும் அதை விட்டுவிட அந்நூலாசிரியருக்கு மனம் வரவில்லை. உடன் நடந்தது என்பதே அதன் தகுதி.

அப்படியானால் இறந்த நாயை எப்படி நினைப்பது? குப்பைமேட்டில் எறியாமல் ஆழக் குழி தோண்டிப் புதைப்பது முதல் மரியாதை. அந்த இடத்தில் ஒரு வேப்பங்கன்றை ஊன்றலாம். கல்லும் கோபுரமும் வேண்டாம். அதற்கென ஒதுக்கும் பணத்தில் ஓர் ஏழைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தலாம். விருதுநகர்க் கோடையில் வாசலில் ஒரு சட்டி தண்ணீர் வைக்கலாம். தெருநாய்களைப் பற்றி 2025-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் நாடெங்கும் பெரும் விவாதத்தை எழுப்பின. நாய்க்கடிக்கு அஞ்சும் பெற்றோரின் அச்சமும் உண்மையானதே. வெறிநோய் அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ யாருமே பிழைப்பதில்லை. ஆகவே நம் தெருவின் நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்ய முன்நிற்பது, அந்த நாய்களுக்கும் நம் குழந்தைகளுக்கும் ஒருங்கே செய்யும் தொண்டு. மனம் ஆறியபின், இன்னொரு தெருக்குட்டிக்கு வாசலைத் திறக்கலாம். அது இறந்ததற்கு மாற்று ஆகாது. ஆனால் இறந்தது நமக்குக் கற்பித்த பாடத்தின் தொடர்ச்சியாகும்.

எடுத்தனூரில் கல் நாட்டியவர்கள் கோவிவனைத் தெய்வமாக்கவில்லை. தன் கடமையைச் செய்தது என்று எழுதி, அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள், அவ்வளவே. நம்மால் கல் நாட்ட முடியாமற் போகலாம். நம் வாசலில் காத்துக் கிடந்த உயிரின் பெயரைச் சொல்லி, பசித்த ஓர் உயிருக்கு, அது மனிதராயினும் விலங்காயினும், ஒரு பிடி சோறு வைக்க நம் எல்லாராலும் முடியும்.